கழுவ வேண்டாம், அப்படியே கொடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கோழிக்கடை நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே விடியற்காலையிலிருந்து கத்தியோடு நிற்கும் தம்பிகளுக்கும்,



ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்களிடம் நின்று பேச முடியாது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் பையோடு நிற்பார்கள். "பாய், எனக்கு ஒன்றரைக் கிலோ, லெக் பீஸ் தனியா" என்று ஒருவர் தோளுக்கு மேலே குரல் கொடுப்பார். செவ்வாய்க்கிழமை வந்தால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பேசலாம்தான். ஆனால் நேருக்கு நேர் சொன்னால் குறை சொல்வதுபோல ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் குடியிருப்பவன். பணியில் இருந்த காலம் முழுக்கக் கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்த்து, அதை எண்ணிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். கோழி சாப்பிடுபவன், விடும் எண்ணமும் இல்லை. உங்கள் கடையை மூடச் சொல்லும் கூட்டத்திலும் சேர்ந்தவனல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைக் கொஞ்சம் பொறுமையோடு படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வசனம் உண்டு. "கண்ணு முன்னாடி அறுத்துத் தர்றோம் சார், இதவிட ஃப்ரெஷ்ஷா எங்க கிடைக்கும்?" நாங்களும் அதை நம்பித்தான் வருகிறோம். குளிர்பெட்டியில் பொதிந்து வைத்த கறியைவிட, உயிரோடு நின்ற கோழியின் கறி நல்லது என்பது எங்கள் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. கெட்டுப்போன கறி என்ற ஆபத்துக்கு அந்த நம்பிக்கை சரியான பதில். நான் சொல்ல வந்த ஆபத்து வேறு. அது கெட்டுப்போவதால் வருவதில்லை, உயிரோடு இருக்கும் கோழியின் குடலிலேயே வருகிறது.

சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்று இரண்டு கிருமிகள். கோழிக்கு இவற்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, வாடகைக்குக் குடியிருப்பவர்கள்போல குடலில் இருந்துவிட்டுப் போகும். கோழியின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. கேம்பைலோபாக்டர் நன்றாக வளரும் சூடும் அதுவேதான். நீங்கள் இறக்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் கோழி துறுதுறுவென்று இருக்கும், கொண்டை சிவந்திருக்கும், நோயின் அடையாளமே இருக்காது. உள்ளே இருப்பதை உங்களாலும் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது. மனிதக் குடலுக்குள் போனால்தான் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசையும் வலி. பெரியவர்கள் நாலைந்து நாளில் எழுந்துவிடுவார்கள். கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோய் உள்ள முதியவருக்கும் அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம். கேம்பைலோபாக்டர் வந்துபோன சிலருக்கு, மிகச் சிலருக்குத்தான், கை கால் மரத்துச் செயலிழக்கும் கில்லன்-பாரே என்ற நரம்புக் கோளாறும் தொடர்ந்து வருகிறது.

சால்மொனெல்லாவும், குடலில் வாழும் ஈ.கோலை என்ற இன்னொரு கிருமியும் சென்னை வெயிலில் கறி மேல் உட்கார்ந்தபடியே பெருகும். ஈ.கோலைக்கு வசதி அமைந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. காலை ஆறு மணிக்கு ஒன்றாக இருந்தது, கணக்குப்படி, மதியம் ஒரு மணிக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். கேம்பைலோபாக்டர் அப்படி வெளியில் பெருகாது, காற்றுப் பட்டாலே சோர்ந்துபோகும் ரகம். ஆனால் நம்மைப் படுக்கவைக்கச் சில நூறு உயிர்களே அதற்குப் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரில் அவ்வளவும் இருக்கலாம்.

சொட்டு என்றதும் உங்கள் கூண்டு நினைவுக்கு வருகிறது. பல்லடம், நாமக்கல் பக்கமிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் வண்டியில் வருகின்றன கோழிகள். நெரிசல், வெக்கை, பயம். இப்படி அலைக்கழிந்த கோழியின் எச்சத்தில் கிருமி கூடுதலாக வெளியேறும் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். வந்து இறங்கியதும் மூன்று அடுக்குக் கூண்டு. மேல் அடுக்கின் எச்சம் நடு அடுக்கின் முதுகில், நடு அடுக்கினுடையது கீழ் அடுக்கின் தலையில். நாமக்கல்லில் ஒரு பண்ணையில் இருந்தது விடிவதற்குள் கூண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. அடுக்குகளுக்கு நடுவே ஒரு தகரத் தட்டு செருகி, அதைத் தினம் இழுத்துக் கொட்டிக் கழுவினால் இதில் பாதி குறையும். சில கடைகளில் தட்டு இருக்கிறது. கழுவிய தட்டைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை இறங்கிவிடக் கூடாது என்று அறுக்கும் நிமிடம்வரை மக்காச்சோளக் குருணை போட்டுக்கொண்டே இருப்பீர்கள். வியாபாரம், புரிகிறது. குடல் நிறைந்த கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடல் கிழிந்தால் மொத்தமும் கறி மேல்தான். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்திருந்தால் குடல் காலியாகும், சுத்தம் செய்வதும் எளிது. அதற்கு மேல் பட்டினி போடுவதும் தப்பு. பசித்த கோழி கூண்டுக்குள் கிடக்கும் எச்சத்தையே கொத்தும், குடலும் மெலிந்து சட்டென்று கிழியும்.

இனி டிரம்முக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கழுத்தை அறுத்ததும் கோழியை நீல டிரம்முக்குள் போடுகிறீர்கள். அடியில் ஏற்கெனவே மூன்று கோழி துடித்த ரத்தம், எச்சம், இறகு. அதில் இதுவும் துடித்து அடங்குகிறது. உயிர் போகும் அவஸ்தையில் எச்சமும் கழிகிறது. ஒரு கோழியிடம் கிருமி இருந்து, மற்ற மூன்றிடம் இல்லாமல் இருந்திருந்தாலும், அந்த ஒரு நிமிடத்தில் நாலும் ஒரே ஜாதியாகிவிடுகின்றன. தலைகீழாகச் செருகும் தகரப் புனல் நாலைந்து வாங்கிச் சுவரில் வரிசையாக அடித்துவிட்டால், ஒவ்வொன்றும் தன் ரத்தத்தைத் தன் புனலிலேயே வடிக்கும். பெரிய செலவு கிடையாது.

தோலோடு கேட்பவர்களுக்காக வெந்நீர் டிரம் ஒன்று. காலை ஆறு மணிக்கு அதில் ஆவி பறக்கும். எட்டு மணிக்கு விறகோ கேஸோ குறைந்து, கோழி மேல் கோழியாக முக்கியதில் தண்ணீர் வெதுவெதுப்பாகி, தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். இறகு பிடுங்க வேண்டுமென்றால் ஐம்பதிலிருந்து அறுபது டிகிரிவரை சூடு வேண்டும். அறுபதை ஒட்டி இருந்தால் கிருமியும் ஓரளவு சாகும். நாற்பத்தைந்துக்கு இறங்கினால் அது குளியல் தொட்டி, கிருமிக்கும் சுகமான குளியல். சூடு பட்டு இறகுக்குழிகள் திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பிறகு ரப்பர் விரல் வைத்த எந்திரத்தில் போட்டுச் சுழற்றும்போது வயிறு அமுங்கி மிச்ச எச்சமும் வெளியே பீச்சுகிறது, அடுத்த கோழிக்கும் அதே ரப்பர் விரல்கள். தண்ணீரில் விடும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். சூடு இறங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவது உங்களுக்குக் கால் மணி நேர வேலை. ஞாயிறு காலையில் கால் மணி நேரம் என்றால் எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

தோல் உரிக்கும் கடைகளில் இந்த டிரம் கிடையாது, ஒரே இழுப்பில் சட்டையைக் கழற்றுவதுபோல இறகோடு தோல் வந்துவிடும். பார்க்க அழகான வேலை, கைத்தேர்ச்சி. ஆனால் இறகைப் பிடித்த அதே கை அடுத்த நொடியில் வெற்றுக் கறியைப் பிடிக்கிறது. உரிப்பவர் ஒருவர், துண்டு போடுபவர் இன்னொருவர் என்று இருவர் நிற்கும் கடைகளில் இந்தத் தொல்லை குறைவு. ஒற்றையாள் கடையில் நடுவே கை கழுவ ஒரு குழாய் இருந்தாலே போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது கடைசிப் படி. அதில் குற்றவாளி நாங்கள். துண்டு போட்டு முடித்ததும், "நல்லா கழுவிக் குடுங்க அண்ணே" என்கிறோம். நீங்களும் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று, பக்கத்தில் இருக்கும் வாளியில் அள்ளி முக்கி எடுத்துக் கொடுக்கிறீர்கள். அந்த வாளித் தண்ணீரில் காலையிலிருந்து எத்தனை கோழி முங்கியிருக்கும்! அதுவரை ஓரளவு தப்பித்து வந்த கறியும் அங்கே மற்றவற்றின் கிருமியையும் வாங்கிக்கொண்டு எங்கள் பைக்குள் ஏறுகிறது. கழுவியது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகிறோம். வாளியை ஒழித்துவிடுங்கள். குழாயில் ஓடும் தண்ணீர் இருந்தால் கறியை அதில் காட்டுங்கள், இல்லையென்றால் "வீட்டுல கழுவிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்பவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

வெட்டுக்கட்டையைப் பற்றி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. புளியமரக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பலகை வாங்கச் சொல்லி அதிகாரிகள் வற்புறுத்துவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மரம் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நன்றாகக் காய்ந்தால் இழுத்த கிருமியும் உள்ளேயே சாகும். அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளர் மரப்பலகையையும் பிளாஸ்டிக் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்து இதைத்தான் சொன்னார். கத்தி கீறிக் கீறிப் பழசான பிளாஸ்டிக் பலகை மரத்தைவிடச் சுத்தம் என்று சொல்லவே முடியாது. உங்கள் கட்டையின் கோளாறு மரம் என்பதில் இல்லை, அது ஒருநாளும் காய்வதில்லை என்பதில்தான். விரிசலில் நேற்றைய கொழுப்பு, மேலே ஈரச் சாக்கு. இரண்டு கட்டை வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். இரவில் கத்தியால் சுரண்டி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, மறுநாள் முழுக்க வெயிலில் நிறுத்துங்கள். பதினைந்து லிட்டர் வாளிக்குப் பத்து கிராம் பவுடர் சரியாக இருக்கும். பவுடர் மூட்டையைத் திறந்து போட்டால் நம்மூர் ஈரக்காற்றில் வீரியம் போய்விடும், மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். சோப்புப் போட்டு அழுக்கு எடுக்காமல் நேரே பவுடரைக் கொட்டினால் அது ரத்தத்தோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும். கட்டைக்கும் தரைக்கும் கூண்டுக்கும்தான் இது, கறியில் படக் கூடாது.

கை துடைக்கும் துணியைப் பற்றி எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். காசு வாங்கும் கை விஷயத்தில் ஜிபே அட்டை வந்து நாற்பது வருட சுகாதாரப் பிரசாரம் சாதிக்காததைச் சாதித்துவிட்டது.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலு பேருக்கு வயிறு கெட்டது. பேத்திக்கு மூன்று நாள் காய்ச்சல். குழம்பு கொதித்துத் தளதளத்தது, அதில் கிருமி பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை. யோசித்துப் பார்த்தபோது பிடிபட்டது: கோழித் துண்டுகளைச் சின்னதாக்கிய பலகையிலேயே, பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நான்தான் நறுக்கியிருந்தேன். ஆயுள் முழுக்கக் கிருமியோடு குடித்தனம் நடத்தியவன் செய்த வேலை இது. குழம்பு பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிவிடும். ஆபத்து பச்சடியில், மேலே தூவும் கொத்தமல்லியில், கறுப்புக் கவரிலிருந்து ஒழுகிப் பால் பாக்கெட்டை நனைக்கும் தண்ணீரில். பிரிட்டனில் 2014-ல் உணவுத் தர முகமை கோழியைக் கழுவவே கழுவாதீர்கள் என்று பிரசாரம் செய்தது, குழாயடியில் தெறிக்கும் தண்ணீர் அடுப்படி முழுக்கக் கிருமியை விதைக்கிறது என்பதால். மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் விடாத கறியை எங்கள் வீட்டுப் பெண்கள் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் இரு தரப்புக்கும் நியாயம் செய்ததாகும் என்பது என் கட்சி.

இன்னொன்று உங்கள் கையில் இல்லாதது, ஆனால் உங்கள் கட்டை மேல் வந்து இறங்குவது. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறெந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக ஏற்றுவது. அதைத்தான் கோழிகள் சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அந்த மருந்துக்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாற்றும் மரபணுவை 2015-ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். ஆன்டிபயாடிக் முறைகேட்டைத் தடுக்கச் சென்னையில் 2012-லேயே மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். அதை ஒருங்கிணைத்த டாக்டர் அப்துல் கஃபூர் குழுவினர் பிறகு நம் சந்தைகளின் உணவு மாதிரிகளைச் சோதித்தபோது, கோலிஸ்டினுக்கு மசியாத கிருமிகள் கிடைத்தன. 2019 ஜூலையில் மத்திய அரசு கோழி, மீன், கால்நடைத் தீவனம் எதிலும் கோலிஸ்டின் கூடாது என்று தடை போட்டது. ஆகவே உங்கள் வாளியில் மிதப்பது சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமி மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். சப்ளை செய்யும் ஏஜென்டிடம் "எந்தப் பண்ணை, கடைசியாக மருந்து எப்போது கொடுத்தார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார். ஐம்பது கடை கேட்டால் எழுதிக் கொடுப்பார்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுச் சிறுமி இறந்ததும் மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு ஓராண்டுத் தடை வந்தது. சாப்பிடும் தட்டுவரை வரும் அரசாங்கம் உங்கள் டிரம்வரை வருவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருக்கிறது, அதன் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள், அதோடு சரி. நம் பக்கத்து நிலவரமும் விசித்திரம். அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சி, ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மாவட்டமும் ஒன்றில்லை, அம்பத்தூர் சென்னையில், மற்ற இரண்டும் திருவள்ளூரில். ஒரே வண்டியில் வந்த கோழி மூன்று ஆட்சிக்குள் இறங்குகிறது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் மாநகராட்சி இறைச்சிக்கூடம் இருக்கிறது, ஆட்டுக்கு அங்கே மருத்துவர் பார்வை, முத்திரை. கோழிக்கு உங்கள் கடை வாசல்தான் இறைச்சிக்கூடம்.

அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருப்பது உங்களுக்கு வசதியாகத் தோன்றலாம். 2023 தொடக்கத்தில் குஜராத்தில் என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கடையில் கோழி அறுப்பது சட்டப்படி சரியா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், சூரத் போன்ற ஊர்களில் கோழிக்கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. இங்கேயும் அப்படி ஒரு வழக்கு வந்தால், ஆலையில் அறுத்துப் பொதிந்து விற்கும் பெரிய நிறுவனங்களுக்குத்தான் லாபம். அதற்குள் உங்கள் சங்கம் முந்திக்கொள்வது நல்லது. ஆவடிக்குப் பக்கத்திலேயே அலமாதி கொடுவள்ளியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பத்துக் கடையின் கட்டையையும் வாளியையும் பரிசோதித்துச் சொல்ல முடியுமா என்று ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். முடிவு நன்றாக வந்தால் கடை வாசலில் ஒட்டிக்கொள்ளலாம், சரியில்லை என்றால் திருத்திக்கொள்ளலாம்.

ஹாங்காங்கில் 1997-ல் பறவைக் காய்ச்சல் வந்து பதினெட்டுப் பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தார்கள். அது வைரஸ், வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பிடித்த ஒரு வழக்கம் நமக்கும் பொருந்தும். 2001-லிருந்து மாதத்தில் ஒருநாள் எல்லாக் கோழிக்கடையையும் காலி செய்து, கழுவி, கூண்டில் ஓர் உயிர்கூட இல்லாமல் காயவிட்டார்கள். பின்னால் அது மாதம் இரண்டு நாளானது. 2008-ல் விற்காத கோழியைக் கடையில் இரவு தங்கவைக்கவே கூடாது என்றார்கள். காலியான கூண்டு காயும்போது தொற்றுச் சங்கிலி அறுகிறது, அவ்வளவுதான் தத்துவம். கூண்டு ஒருபோதும் காலியாகாத கடையில் பழைய கோழி புதுக் கோழிக்குக் கிருமியை ஒப்படைத்துவிட்டுத்தான் போகும்.

உங்களுக்கு அந்த விடுமுறை சும்மாவே கிடைக்கிறது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி என்று அரசே கடையை மூடச் சொல்கிறது. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கோழிகளை உள்ளேயே வைத்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய வரம் புரட்டாசி. ஒரு மாதம் பாதிக் கடைகள் ஈயாடும், பெருமாளைத் திட்டவும் முடியாது. அந்த மாதத்தில் வாரம் ஒருநாள், திங்கட்கிழமையாக இருக்கட்டும், கோழி இறக்காதீர்கள். கூண்டை வெளியே எடுத்துத் தேய்த்து வெயிலில் போடுங்கள், டிரம்மைக் கவிழ்த்து வையுங்கள், கட்டையைச் சுரண்டுங்கள். ஐப்பசி பிறந்து தீபாவளிக் கூட்டம் வரும்போது கடை புதுசாக இருக்கும்.

கழிவைப் பற்றிக் கேட்க நினைத்துத் தயங்கினேன், கேட்டே விடுகிறேன். இரவில் மூட்டை கட்டி வாங்கிப்போகிறவர் அதை எங்கே கொட்டுகிறார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்பத்தூர் ஏரிக்கரையிலும், பருத்திப்பட்டு ஏரிப் பக்கமும் நடக்கப் போகிறவர்களின் மூக்குக்குத் தெரிகிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் சென்னைக் குழாய்களில் குடிக்க வருகிறது, அங்கேயும் இப்படிக் கொட்டினால் அது நமக்கே திரும்பி வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே வந்துவிடுகிறேன், டிரம் தண்ணீர் முதல் சூட்டில் இருக்கும்போது. மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா நானே கொண்டுவருகிறேன், கறுப்புக் கவர் வேண்டாம். ஒரு கிலோ, தோலோடு, குழம்புக்கு ஏற்ற துண்டு. ஈரல் இருந்தால் பேத்திக்கு ஒன்று போடுங்கள். கழுவ வேண்டாம், அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து உங்கள் பழைய வாடிக்கை